ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலம் நடந்து பாருங்க

உங்க லெட்டர் வந்துச்சு தங்கச்சி. பேரு ஊரு போட வேணாம்னு சொல்லிருக்கீங்க, போடல. மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால நீங்க எழுதுனத சுருக்கமா சொல்லிக்கறேன். உச்சிப்புளிக்கு தெக்க தென்கடல் பக்கம் மூணு ஏக்கர், வீட்டுக்காரர் சவுதில இருந்து அனுப்புன காசுல வாங்குனது, ரோட்டோரம் வெறும் பொட்டல், நடுவுல உடங்காடு (உடை முள்மரம் மண்டுன காடு), கடைசில மணல்மேடு, அதுக்கு அங்கிட்டு கடல். ஒரு வீடும் வந்து தங்கறவங்களுக்கு ஆறு ரூமும் கட்டணும். பொங்கல் முடிஞ்சதும் ஜேசிபி விட்டு ரெண்டு நாள்ல மொத்தத்தையும் கிளீன் பண்ணிரலாம்னு கான்ட்ராக்டர் சொல்றாரு. ஆனா அங்கன ஆடு மேய்க்கற அம்மா ஒருத்தங்க, உடங்காட்டுக்குள்ள கட்டாமை (நட்சத்திர ஆமையத்தான் நம்ம பக்கம் அப்படி சொல்றது) கெடக்கு, மணல்ல குருவி முட்டை வைக்கும், போன வருசம் கடலாமை ஏறுன தடம் பாத்தேன்னு சொல்லிருக்காங்க. கான்ட்ராக்டர்கிட்ட கேட்டதுக்கு, ஆமைய சாக்குல போட்டு கம்மாக்கரைல விட்டுரலாம், அதெல்லாம் ஒரு மேட்டரே இல்லன்னுட்டாரு. நீங்க கேக்கறது மூணு: அப்படி விடலாமா, ஃபாரஸ்ட்டுக்கு சொன்னா வேலைய நிப்பாட்டிருவாங்களா, வேற வழி என்ன.

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான், விடக்கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல வேட்டைங்கற வார்த்தைக்குள்ளயே புடிக்கறதும் வருது, பறவை முட்டை, ஊர்வன முட்டைய சேதப்படுத்துறதும் கூட்டைக் கலைக்கறதும் வருது, கொல்லணும்னே அவசியம் இல்ல. நல்ல மனசோட சாக்குல போட்டு தூக்கிட்டு போனாலும் அனுமதி இல்லாம புடிச்சது புடிச்சதுதான். நட்சத்திர ஆமை, கடலாமை, உடும்பு எல்லாம் அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கறதுங்க, மாட்டுனா மூணு வருசத்துல இருந்து ஏழு வருசம் வரைக்கும் ஜெயில். கேஸ்னு வந்தா வேலை செஞ்ச ஆளோட நிக்காது, நெலம் யாரு பேர்ல இருக்கோ அவங்களையும்தான் கேப்பாங்க.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆமைக்கு அது நல்லதான்னு பாத்தாலும் இல்ல. கட்டாமைக்கு தன்னோட எடம் நல்லா தெரியும், எந்தப் பொதர்ல நெழல், மழை பேஞ்சா எங்க தண்ணி நிக்கும், எங்க தழை மொளைக்கும்னு தெரிஞ்சு வாழற ஜீவன். தெரியாத கம்மாக்கரைல கொண்டு போய் விட்டா அது அங்கயே உக்காந்து பொழச்சுக்காது, நடந்துகிட்டே இருக்கும், பழைய எடத்த தேடும், ரோடு ஏறி வண்டில அடிபடும் இல்லன்னா நாய் கடிச்சுப் போடும். ஒரு எடத்து நோய இன்னொரு எடத்து ஆமைக்கு கொண்டு போறதும் உண்டு. எடம் மாத்தித்தான் ஆகணும்னு ஒரு நெலமை வந்தா அத தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதியோட செய்யணும், அதுவும் கடைசி வழி. உங்க நெலத்துல அது தேவையே படாதுன்னு நெனைக்கறேன், ஏன்னு சொல்றேன்.

மூணு ஏக்கர்ல நீங்க கட்டப்போறது ஒரு வீடும் ஆறு ரூமும்தான? அதுக்கு எதுக்கு மூணு ஏக்கரையும் வழிச்சு எடுக்கணும்? ஜேசிபி மணிக்கணக்குல வாடகை, ஒரு தடவ வந்தா முழுசா அடிச்சுட்டுப் போறதுதான் அவருக்கு லாபம், அவ்வளவுதான் விஷயம். பிளான் போடறதுக்கு முன்னாடி எங்க என்ன இருக்குன்னு பாத்துட்டு, கட்டடத்த இருக்கறதுக்கு ஏத்த மாதிரி தள்ளி வச்சுக்கிட்டா பாதி பாதுகாப்பு பேப்பர்லயே முடிஞ்சிரும். பிளான் போட்டு அஸ்திவாரமும் தோண்டுனதுக்கு அப்பறம் என்னைய மாதிரி ஆளைக் கூப்பிட்டா நாங்க செய்யறதுக்கு பெருசா ஒண்ணும் இருக்காது, தப்பிச்சத காப்பாத்தலாம், அவ்வளவுதான்.

நீங்க எழுதுனது கார்த்திகைல, அது ரொம்ப நல்லதா போச்சு. ஏன்னா கட்டாமைய பாக்கறதுக்கு இதுதான் நேரம். நம்ம பக்கம் மழைன்னா வடகிழக்கு பருவமழைதான், ஐப்பசி கார்த்திகைல நாலு மழை பேஞ்சு தழை வந்ததும் ஆமைங்க காலைலயும் சாயங்காலமும் வெளிய வந்து மேயும். வெயில் காலத்துல போய் பாத்தீங்கன்னா ஒண்ணு கூட கண்ணுல படாது, பொதருக்கு அடில காஞ்ச எலைக்குள்ள அசையாம கெடக்கும். சித்திரைல வந்து பாத்துட்டு இங்க ஒண்ணும் இல்லன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்தா அந்த பேப்பர நம்பாதீங்க. அதே மாதிரி ரெண்டு மணி நேரம் நெலத்த சுத்திட்டு சர்டிபிகேட் தர்றேங்கறவங்களுக்கும் காசு குடுக்காதீங்க. ஒரு சீசனாவது பாக்கணும், அதுக்கு கொறச்சலா பாத்தது பாத்த கணக்குல சேராது.

எப்படி பாக்கணும்னா, முதல்ல அந்த ஆடு மேய்க்கற அம்மாவ கூப்பிட்டு வச்சு டீ குடுத்து உக்காந்து பேசுங்க. எந்தப் பொதரு, எந்த மாசம், பெருசா சிறுசா, எல்லாம் அவங்களுக்கு தெரியும். பனை ஏறுறவங்க இருந்தா அவங்க, கரைல பாசி எடுக்கப் போற பொம்பளைங்க, கரைவலை இழுக்கறவங்க, இவங்க சொல்றத ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. நான் எந்த சர்வேக்கு போனாலும் முதல் நாள் இதத்தான் செய்வேன். அப்பறம் மழை விட்ட காலைல ஆறரைல இருந்து ஒம்போது மணிக்குள்ள நாலஞ்சு பேரு கைக்கெட்டுற தூரத்துல வரிசையா நின்னு மெதுவா நடங்க, பொதரோட அடிய பாத்துக்கிட்டே, கைல ஒரு நீளக் குச்சி, கால்ல ஷூ கட்டாயம், ஏன்னா உடங்காட்டு மணல்ல சுருட்டை விரியன் கெடக்கும், அது மண் கலர்லயே இருக்கும். ஆமை, ஆமை ஓடு, புழுக்கை, உடும்பு பொந்து, முயல் படுக்கற எடம், கூடு இருக்கற மரம், எதப் பாத்தாலும் தொடாம ஒரு கைப்பட மேப்புல புள்ளி வைங்க. தொடர்ந்து ரெண்டு மூணு வாரம் இப்படி செஞ்சா புள்ளிங்க எங்க கூடுதுன்னு மேப்பே சொல்லிரும்.

மொட்டைப்பனை நின்னுச்சுன்னா அத செத்த மரம்னு வெட்டிராதீங்க, அந்த பொந்துலதான் பனங்காடையும் கிளியும் குடும்பம் நடத்தும். பச்சைப் பனைல தொங்கற காஞ்ச ஓலைக்குள்ள பனை உழவாரன் கூடு வைக்கும், ஓலைய கழிக்கறதா இருந்தாலும் பாத்துட்டு கழிங்க. பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும், அது உங்க கான்ட்ராக்டருக்கு தெரியுமான்னு கேளுங்க.

இதுல ஒரு விஷயம் கெஞ்சி கேட்டுக்கறேன். ஆமை எங்க இருக்குன்னு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, லொகேஷன் யாருக்கும் அனுப்பாதீங்க, வேலைக்கு வர்ற ஆளுங்ககிட்டயும் எடத்த விலாவாரியா சொல்ல வேணாம். நட்சத்திர ஆமைய கடத்துற கூட்டத்துக்கு ஒரு போட்டோ போதும். வெளிநாட்டுல வீட்டுல வளக்கறதுக்குன்னு இத வாங்கறாங்க, சூட்கேஸ்ல அடுக்கி ஏர்போர்ட்ல புடிபட்ட செய்தி எத்தனையோ வந்திருக்கு. அந்த நோட்டும் மேப்பும் உங்ககிட்டயும் வனத்துறைகிட்டயும் மட்டும் இருக்கட்டும்.

இப்ப மாசக் கணக்கு. இதத்தான் நீங்க நல்லா மனசுல ஏத்திக்கணும், ஏன்னா நம்ம கரைல எந்த மாசமும் சும்மா கெடக்கற மாசம் இல்ல, ஒண்ணு முடியறப்ப இன்னொண்ணு ஆரம்பிக்கும். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமைங்கற கடலாமை ராத்திரில கரை ஏறி, ஒண்ணரை அடி ஆழத்துக்கு குழி பறிச்சு நூறு முட்டைக்கு பக்கமா போட்டு மூடிட்டு போகும், அது பொரியறதுக்கு 45-ல இருந்து 60 நாள் ஆகும், ஆக கடைசிக் குஞ்சு கடலுக்கு போறப்ப ஜூன் ஆகிரும். மார்ச்சுக்கு மேல உப்புக்கொத்தியும் ஆட்காட்டியும் சின்ன ஆலாவும் வெறும் தரைல முட்டை வைக்கும். வெயில் காலம் முழுக்க கட்டாமை பொதருக்குள்ள. அக்டோபர் வந்தா மழை, அப்ப மண்ணு தோண்டிப் போட்டா அவ்வளவும் கடலுக்கு.

அந்த உப்புக்கொத்தி பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போக மனசு வரல. நம்ம கரைலயும் இலங்கைலயும் கூடு வைக்கற இந்த சின்னக் குருவிய ரொம்ப காலமா வேற ஒரு உப்புக்கொத்தியோட சேத்தே கணக்கு வச்சிருந்தாங்க, 2023-லதான் தனி இனம்னு ஆராய்ச்சியாளருங்க எழுதி, நம்ம ராமர் பாலத்துக் கதைய வச்சு அனுமன் உப்புக்கொத்தின்னு பேரு வச்சாங்க. ஒலகத்துலயே இந்த சின்ன எடத்துல மட்டும் முட்டை வைக்கற பறவை உங்க மணல்ல வைக்குதுன்னா அது சாதாரண விஷயமா? முட்டை ரெண்டு மூணுதான் இருக்கும், மணல் கலர்லயே கிளிஞ்சலுக்கு நடுவுல கெடக்கும், மிதிச்சாத்தான் தெரியும். தாய்க்குருவி றெக்கை ஒடிஞ்ச மாதிரி உங்களுக்கு முன்னாடி தவழ்ந்து தவழ்ந்து போச்சுன்னா பக்கத்துல முட்டை இருக்குன்னு அர்த்தம், அப்படியே நின்னு, காலடிய பாத்து, வந்த வழியே திரும்பிருங்க.

அப்ப எப்பத்தான் கட்டறதுன்னு கேப்பீங்க. ரெண்டா பிரிச்சுக்கங்க. ரோட்டோரம் இருக்கற பொட்டல்ல பொதரு இல்லன்னு எழுதிருக்கீங்க, கட்டடம் மொத்தத்தையும் அங்க கொண்டு வந்துருங்க. அங்க ஜனவரிலயே ஆரம்பிக்கலாம், தெனமும் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் சுத்திப் பாத்துட்டு. ஆனா ஆரம்பிச்சா விடாம செய்யணும். ஆள் நடமாட்டம் இருந்துகிட்டே இருந்தா பறவை அங்க முட்டை வைக்காது, வேற எடம் பாத்துக்கும். ஜனவரில மண்ண கிளறிப் போட்டுட்டு காசு வரலன்னு ரெண்டு மாசம் நிப்பாட்டி ஏப்ரல்ல திரும்ப வந்தீங்கன்னா, கிளறிப் போட்ட அந்த வெறுந்தரைலதான் ஆட்காட்டி உக்காந்திருக்கும். அதனால கைல காசு இருக்கற அளவுக்கு மட்டும் தொடங்குங்க.

உடங்காட்டுல பாதை போடணும், செப்டிக் டேங்குக்கு எடம் வேணும்னு கொஞ்சம் வெட்ட வேண்டி வந்தா அத ஜூலை கடைசில இருந்து செப்டம்பருக்குள்ள வச்சுக்கங்க. ஆமைக்குஞ்சு போயிருக்கும், கூடுங்க பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், மழை இன்னும் வந்திருக்காது. அப்பவும் கட்டாமை உள்ள கெடக்கும்ங்கறத மறக்காதீங்க, அதனால மெஷின் வேணாம், அருவா. முதல்ல ஓரடி ஒயரம் விட்டு கையால வெட்டி கொப்ப வெளிய எடுங்க, வெட்டறது ரோட்டுப் பக்கம் இருந்து ஆரம்பிச்சு விட்டு வைக்கப்போற காட்டுப் பக்கம் நோக்கி போகணும், எதிர்த்திசைல வெட்டுனா உள்ள இருக்கறது பூராவும் ரோட்டுக்குத்தான் ஓடும். ரெண்டு நாள் சும்மா விடுங்க. நெழல் போனதும் நகரக்கூடியது தானா நகந்துரும். அப்பறம் எலைச்சருக கையால தள்ளிப் பாத்து ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதுக்கு மேலதான் அடித்தூர வேரோட எடுக்கணும். தீ மட்டும் வைக்கவே கூடாது, முயல் ஓடிரும், பாம்பு கூட ஓடிரும், ஆமை எங்க ஓடும். வெட்டற நேரத்துல ஒரு கட்டாமை குறுக்க வந்துட்டா வேலைய நிப்பாட்டி அது போற வரைக்கும் நில்லுங்க, போகலன்னா வனச்சரகத்துக்கு போன்.

எல்லாத்தையும் விட முக்கியம், மேப்புல புள்ளி அதிகமா விழுந்த பொதர தொடாதீங்க. சீமைக்கருவேல எடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, ஆனா உடை மரமும் அதுக்கு அடில இருக்கற முள்ளும் கடல்ல இருந்து வர்ற கச்சான் காத்த தடுக்கறது, அத எடுத்துட்டா ஆடி மாசம் உங்க ஆறு ரூமுக்குள்ளயும் மணல்தான்.

கடல் பக்கம் மணல்மேடு, அங்க எந்த மாசமும் எதுவும் செய்ய வேணாம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019-ல மணல்மேடு, ஆமை முட்டையிடற எடம், பறவை கூடு வைக்கற எடம் எல்லாம் ரொம்ப கவனமா பாதுகாக்க வேண்டிய ஒண்ணு ஏ-ங்கற வகைல வருது, மணல்மேட்ட சமப்படுத்துறதுக்கே தடை இருக்கு. அது போக கிராமத்து கடற்கரைல பெரும்பாலும் ஹைடைட் லைன்ல (கடல் தண்ணி அதிகபட்சமா ஏறுற கோடு) இருந்து 200 மீட்டர் வரைக்கும் புதுக் கட்டடம் கூடாது, ஜனம் ரொம்ப நெருக்கமா இருக்கற பகுதிக்கு மட்டும்தான் அந்த அறிவிக்கைல 50 மீட்டர்னு கொறைச்சிருக்காங்க. உங்க சர்வே நம்பர் எதுல வருதுன்னு கலெக்டர் தலைமைல இருக்கற மாவட்டக் கடலோர மண்டலக் குழுகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க, புரோக்கர் சொன்னத நம்பி பிளான் போடாதீங்க. மேட்டுல இருக்கற ராவணன் மீசையும் அடப்பங்கொடியும்தான் அந்த மணல புடிச்சு வச்சிருக்கு, அழகா இருக்கும்னு அத புடுங்கிட்டு புல்லுத்தரை போட்டவங்க நெலத்துல கடல் எவ்வளவு உள்ள வந்திருக்குன்னு நம்ம கரைலயே பாக்கலாம். கரை மணல அள்ளி கட்டடத்துக்கும் போடக்கூடாது, சட்டப்படியும் குத்தம், அந்த உப்பு கம்பியையும் தின்னுரும்.

வெளிச்சம் பத்தி கட்டாயம் சொல்லணும். ஆமைக்குஞ்சு முட்டைய விட்டு வெளிய வந்ததும் எங்க வெளிச்சமோ அங்க போகும், இருட்டு ராத்திரில கடல்தான் வெளிச்சமா இருக்கும், அதான் அதுக்கு வழி. உங்க சைட்டுல ஒரு ஃபோகஸ் லைட் எரிஞ்சா அத்தனையும் காட்டுப் பக்கம் ஏறி வந்து விடிஞ்சதும் காக்காய்க்கும் நாய்க்கும் போகும், மிச்சம் வெயில்ல காஞ்சிரும். தாய் ஆமையும் வெளிச்சம் பாத்தா ஏறாம திரும்பிரும். அதனால ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் ராத்திரி வேலை கெடையாது, வாட்ச்மேன் லைட் மஞ்சள் பல்பு, தாழ்வா, மூடி போட்டு, ரோட்ட பாத்து. கட்டி முடிச்சதுக்கு அப்பறமும் கடலப் பாத்த பக்கம் வெளி லைட்டு வேணாம், ஜன்னலுக்கு கனமான திரை, மணல்மேட்டுக்கும் ரூமுக்கும் நடுவுல தாழையும் உடையும் நின்னாலே பாதி வெளிச்சத்த மறச்சிரும். தங்க வர்றவங்களுக்கு இருட்டுல நட்சத்திரம் தெரியும்னு சொல்லுங்க, அதுக்குன்னே வர்றவங்க இருக்காங்க.

சின்னச் சின்னதா சிலது. வேலை ஆளுங்க மிச்ச சோத்தையும் மீன் தலையையும் வெளிய கொட்டுனா நாய் சேரும், அந்த நாய்தான் ராத்திரி ஆமை முட்டைய தோண்டும், அதனால மூடி போட்ட டிரம் ஒண்ணு வைங்க, நாய் வளக்க விடாதீங்க. தோண்டுன குழில சாயங்காலம் ஒரு பலகைய சரிவா வச்சுட்டு போனா உள்ள விழுந்தது ஏறிரும், காலைல கான்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி குழிய எட்டிப் பாக்கணும். சிமெண்ட் கழுவுன தண்ணி கடல் பக்கம் ஓடக்கூடாது. மழைக்கு முன்னாடி குவிச்ச மண்ண தார்ப்பாய் போட்டு மூடுங்க, ஏன்னா உங்களுக்கு நேரா கடலுக்குள்ள இருக்கறது கடற்புல்லும் பவளமும், 21 தீவையும் சேத்து 1986-ல தேசியப் பூங்கா ஆக்குன மன்னார் வளைகுடா, கடல் பசு மேயற எடம், சேறு படிஞ்சா புல்லுக்கு வெயில் கெடைக்காம செத்துரும். காம்பவுண்ட் சுவரு கட்டுனா சில அடிக்கு ஒண்ணா தரையோட ஒரு ஜாண் ஒயரத்துக்கு ஓட்டை விடுங்க, முடிஞ்சா சுவரே வேணாம், முள்வேலி போதும்.

ஃபாரஸ்ட்டுக்கு சொன்னா நிப்பாட்டிருவாங்களான்னு கேட்டீங்களே. பட்டா நெலத்துல அனுமதி வாங்கி கட்டறத, அங்க ஒரு ஆமை இருக்குங்கறதுக்காக மட்டும் யாரும் நிப்பாட்ட மாட்டாங்க. கட்டவே கூடாத எடத்துல கட்டுனா நிப்பாட்டுவாங்க, அத இப்பவே தெரிஞ்சுக்கறது உங்களுக்குத்தான் நல்லது, ரூஃப் போட்டதுக்கு அப்பறம் தெரிஞ்சா சவுதில ஒழைச்ச காசு மண்ணா போகும். மண்டபம் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு லெட்டர், நகல் ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு, நாங்க இந்த எடத்துல இந்த மாசம் வேலை ஆரம்பிக்கறோம், இது இது பாத்தோம், இப்படி செய்யப்போறோம்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க. கடலாமை தடம் பாத்தா உடனே போன் பண்ணுங்க, நீங்க தோண்டாதீங்க, முட்டை போட்டு சில மணி நேரம் ஆனதுக்கு அப்பறம் அத புரட்டுனா உள்ள கரு செத்துரும். அவங்க வந்து அங்கயே கூண்டு போட்டு காப்பாங்க இல்ல பொரிப்பகத்துக்கு கொண்டு போவாங்க, தனுஷ்கோடி பக்கம் வருசா வருசம் அந்த வேலை நடக்குது.

கான்ட்ராக்டர்கிட்ட வாயால சொல்லி பிரயோஜனம் இல்ல தங்கச்சி, அக்ரிமெண்ட்ல எழுதுங்க. எந்தப் பகுதில மெஷின் எறங்கக்கூடாதுன்னு மேப் போட்டு, கயிறு கட்டி சிவப்புத் துணி தொங்க விட்டு, அதத் தாண்டுனா அந்த பில்லுக்கு காசு கெடையாதுன்னு எழுதுங்க. ஒத்துக்கலன்னா வேற ஆள பாருங்க, ராமநாதபுரத்துல கொத்தனாருக்கா பஞ்சம். ஜேசிபிக்கு குடுத்த அட்வான்ஸ் போனா போகட்டும். மார்கழி முடியறதுக்குள்ள அந்த புள்ளி வச்ச மேப்பையும் வீட்டு பிளானையும் எனக்கு அனுப்புங்க, செப்டிக் டேங்க் எங்க வரணும், பாதை எந்தப் பக்கம் போகணும்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து எழுதறேன், அதுக்கு முன்னாடி இஞ்சினியர் பிளான ஃபைனல் பண்ண வேணாம்.